அந்த ஏணைத் துணியை ஏன் வெட்டினேன்

அன்பு மகளுக்கு,

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நீ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "ஏன் உம்மா?" அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. சோறு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் குசினிக்குள் ஓடிவிட்டேன். அடுப்பில் சோறே இருக்கவில்லை. அது உனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்கு வெளிக்கிடுகிறாய், அதற்கு முன் உனக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் அழுவேன், நீ என்னைத் தேற்றுவாய், கதை வேறு பக்கம் போய்விடும். இந்த வீட்டில் பெரிய கதைகள் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. ஆகவே எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டித் தரப்போவதில்லை; தையல் மேசையில் விரித்து வைப்பேன். உன் வாப்பா வாசிக்கட்டும், அபாயா தைக்கத் துணி கொண்டு வருகிறவர்கள் வாசிக்கட்டும், பெண் பிள்ளை பெற்ற யாரும் வாசிக்கட்டும். பெற்ற மகளைப் பார்த்து ஒரு உம்மாவுக்கு வயிற்றெரிச்சல் வருமா என்று யாராவது கேட்டால், வரும். எனக்கு வந்தது.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு கிழமை, ஏழெட்டு நாள் இருக்கும். மரஞ்செடிகளைப் பற்றிப் படித்த பட்டத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு நீ வேலை தேடிக்கொண்டிருந்தாய். கொழும்பிலிருந்து உனக்கொரு பார்சல் வந்தது. நான் யாரோ ஒருத்தியின் கல்யாணச் சட்டைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என் வெட்டு மேசையிலேயே பார்சலைப் பிரித்தாய். பச்சையும் சாம்பலும் கலந்த நைலோன் துணி. கையில் எடுத்தால் பாரமே இல்லை, அசைத்தால் கசகசவென்று சத்தம். "உம்மா, இதால எனக்கொரு ஹெமக் தைச்சுத் தாங்க" என்றாய். என்னவென்று கேட்டதற்கு ஃபோனில் ஒரு படம் காட்டினாய். இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, தாடி வைத்த ஒரு மனுஷன் அதற்குள் குழந்தை மாதிரிக் கிடந்தான். "இது பிள்ளையப் போட்டு ஆட்டுற ஏணைதானே? இவ்வளவு பெரிய ஆளுக்கு ஏணையா?" என்று கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஓம் உம்மா, ஏணைதான். ஆனா இதுல காலுக்கு ஒரு பை இரிக்கி."

அந்தப் பையை நீ எனக்கு விளங்கப்படுத்திய விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஏணையில் நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகப் படுத்தால் முதுகு நிமிரும், ஆனால் துணியின் விளிம்பு இழுபட்டுக் கெண்டைக்காலில் வெட்டும். அதனால் கால் வருகிற இடத்தில் விளிம்பைக் கீறி, ஒரு பையைப் பொருத்தித் தைத்துவிட்டால் இரண்டு பாதமும் அதற்குள் இறங்கி நிம்மதியாகக் கிடக்கும். நீ பாதி சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சட்டைக்குக் கை ஏற்றுகிற அதே வேலைதான். இந்தக் கையின் வாய் மூடியிருக்கும், அவ்வளவுதான். பதினொரு அடி நீளம், ஐந்தடி அகலம். இரண்டு அந்தத்திலும் கயிறு போக மடிப்பு. பருத்தி நூல் கூடாது, பாரத்தில் அறும். குண்டூசி குத்தினால் நைலோனில் ஓட்டை மூடாது, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்தான் போடவேண்டும். எல்லாம் மனதுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. "எங்க கட்டப்போறாய் இதை?" என்று கேட்டேன்.

"காட்டுல உம்மா. ரெண்டு கிழமை கேம்ப். நாங்க கேம்பிங் போறம்."

கேம்ப். அந்தச் சொல்லை நீ மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொண்டு சொன்னாய். எங்கள் வாயில் அது வேறு சாமான். தொண்ணூறில் புலி இயக்கம் முஸ்லிம்களை விரட்ட, மன்னாரை விட்டு வள்ளத்தில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினபோது எனக்குப் பதின்மூன்று வயது. வள்ளத்துக் கதையை உனக்குக் கனக்கச் சொல்லியிருக்கிறேன், அதைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்லாத ஒன்று இருக்கிறது. கரைத்தீவுப் பக்கம் தென்னந்தோட்டத்துக்குள் கிடுகு ஓலையால் அடைத்த குடில்களில் எங்களை இருத்தியிருந்தார்கள். அதுதான் கேம்ப். எங்கள் குடிலில் ஒன்பது பேர். அங்கே வந்த இரண்டாவது மாதம் நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன். அதன் பிறகு குடிலுக்குள்தான் எல்லாம். ஆம்பிளைகள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய் மணலில் படுப்பார்கள். எண்ட நானா சுபஹுத் தொழுகைக்கு எழும்பி உள்ளே வந்து, "களப்புக் காத்து என்ன மாதிரி! விடிய விடியக் குளிர்" என்று சோம்பல் முறிப்பான். நாங்கள் பெண்டுகள் ஏழு பேரும் வேர்வையில் ஊறின பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த ஊரில் எனக்கு முதலில் கிடைத்த சொத்து எரிச்சல்தான். கூடப் பிறந்தவன்மேல் எரிச்சல்.

தோட்டத்து ஓரத்தில், அந்த இடத்துப் பழைய மீன்காரர் ஒருவர் கிழிந்த வலையை இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டி வைத்திருந்தார். பகலில் வேலை முடிந்து அதில்தான் சாய்வார். ஒரு நாள் பின்னேரம் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. நான் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் இல்லை, வலை சும்மா ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. என்ன நினைத்தேனோ தெரியாது, போய் ஏறிப் படுத்துவிட்டேன். வலையின் முடிச்சு முதுகெல்லாம் குத்தியது. மேலே ஓலை விலகி விலகி வானம் தெரிந்தது. என் குடத்தின் முறை வந்து, குடத்துக்கு ஆளில்லாமல், எண்ட உம்மா தேடி வரும்வரைக்கும் கிடந்தேன். பின்னலைப் பிடித்து இழுத்து இறக்கி, தண்ணீர் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தா. "வீடு போச்சு, ஊர் போச்சு, மானமும் போகவேணுமாடி? வெளியில மல்லாந்து படுத்துக் கிடக்கிறா!" அவவை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாம் போன பிறகு எங்கள் பேர் ஒன்றுதான் அவவின் கையில் மிஞ்சியிருந்தது. ஆனால் அந்த அறையை உடம்பு மறக்கவில்லை. அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாக, கூரை இல்லாத இடத்தில் நான் முதுகைச் சாய்த்ததில்லை.

ஆகவே நீ கேம்புக்குப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் எதிலிருந்து வெளியே வரப் பதினாறு வருஷம் பாடுபட்டோமோ, அதற்குள் நீ பார்சலில் துணி எடுத்து, ஆசைப்பட்டுப் போகிறாய். அதுவும் கிடுகுக்குள் இல்லை, மரத்துக்கு நடுவில், வானத்துக்குக் கீழே, நானா படுத்த மாதிரி. சரி என்றேன். தைத்துத் தருகிறேன் என்றேன்.

தைக்கத் தொடங்கின முதல் நாளே அது எனக்குள் குடியேறிவிட்டது. அளவு பார்க்க நீ சீமெந்துத் தரையில் துணியை விரித்து அதன்மேல் படுத்தாய். கை இரண்டையும் அகல விரித்து, "இன்னும் கொஞ்சம் சரியட்டா உம்மா?" என்று கேட்டாய். நான் முழங்காலில் நின்று உன் பாதத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டேன். அப்போது உன் குதிகாலைப் பார்த்தேன். ஒரு வெடிப்புக்கூட இல்லை. குளித்த குழந்தையின் கால் மாதிரி இருந்தது. அந்தக் குதிகாலைப் பார்த்தும் எனக்கு எரிச்சல் வந்தது மகள், அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன். நீ பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே கிடந்தாய். மழை பெய்தால் மேலே ஒரு தறப்பாள் கட்டுவார்களாம். தவளைச் சத்தத்தில் நித்திரை வருமாம். "எல்லாத்தையும் விட, அதுக்குள்ள படுத்திட்டா யாரும் கூப்பிடமாட்டாங்க உம்மா. ஒரு வேலை சொல்லமாட்டாங்க" என்றாய். யாரும் கூப்பிடாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வாப்பாவிடம் நீ அனுமதி கேட்ட விதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உப்பு லொறியிலிருந்து இறங்கி, காலைக்கூடக் கழுவவில்லை. "வாப்பா, காட்டுக்குப் போறன், ரெண்டு கிழமை, பொம்புளப் புள்ளயள் ஆறு பேர், பொறுப்பா ஒரு மிஸ் வாறா" என்றாய். "கவனமா போய்ட்டு வா" என்றார். முடிந்தது. இதே மனுஷன்தான், கல்யாணம் முடித்த மூன்றாம் வருஷம், பக்கத்து வீட்டுப் பெண்டுகளோடு கல்பிட்டிக் கடற்கரைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வரட்டுமா என்று நான் கேட்டபோது, "ஊர் என்ன கதைக்கும்?" என்று கேட்டவர். உனக்கு ஊர் கதைக்காதா? என் ஊரும் உன் ஊரும் ஒன்றுதானே? சோற்றைப் பரிமாறிக்கொண்டே அதை நினைத்தேன். வாப்பாவின் சோற்றுக் கோப்பையில் கறியை அள்ளி வைத்த வேகத்தில் மேசையெல்லாம் சிந்தியது. "என்ன, கோவமா?" என்று கேட்டார். "கரண்டி வழுக்கிட்டு" என்றேன்.

அந்த இரண்டு கிழமை முடிய, கூட்டிப்போகிற மிஸ் அந்த ஆறு பேரில் ஒருத்தியைக் காட்டு மரங்களைக் கணக்கெடுக்கிற வேலைக்கு எடுப்பா என்று நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். விழுந்தது. நனைந்த காடு, அட்டை, தரையில் படுக்க ஏலாது, சொந்த ஏணை இல்லாதவர்கள் வரவேண்டாம் என்று அவ கண்டிப்பாகச் சொல்லியிருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது, கயிறு வாங்க நீ புத்தளம் டவுனுக்குப் போனாய். எல்லா வேலையும் முடிந்திருந்தது. கரை மடித்தாயிற்று, அந்தம் இரண்டும் மும்முறை தைத்தாயிற்று, கால் பையும் தனியாகத் தைத்துத் தயாராக இருந்தது. சோக்குக் கோட்டில் ஒன்றரைச் சாண் கீறி, பையை ஏற்றவேண்டியதுதான் மிச்சம். கோட்டின் தொடக்கத்தில் கத்திரிக்கோலை வைத்தேன். கோடு முடிகிற இடத்தில் கை நிற்கவேண்டும். எத்தனையோ ஆயிரம் சட்டைக் கழுத்துகளைக் கோட்டில் நிறுத்திப் பழகின கை. நான் நிறுத்தவில்லை. விளிம்பிலிருந்து வளைத்து உள்ளுக்குள், இடுப்பின் பாரம் வந்து இறங்குகிற நடு இடம் வரைக்கும், இரண்டு முழம் வெட்டிக்கொண்டே போனேன். கை வழுக்கவில்லை, கண் மறைக்கவில்லை. வெட்டி முடிந்தபோது எனக்குக் கவலை வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். குடத்தை இறக்கி வைத்த மாதிரி ஒரு லேசு வந்தது. அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை, ஆனால் வந்தது.

நீ சிவப்பும் வெள்ளையும் முறுக்கின கயிற்றோடு வந்து நின்றாய். "உம்மா?" என்றாய். "கை வழுக்கிட்டு மகள்" என்றேன். நீ துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "ஒட்டுப் போடேலாதா?" "ஏலாது. நடு இடம். பாரம் தாங்காது. நடுக்காட்டுல கிழிஞ்சு விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டா நான் என்ன செய்வன்?" அதுவும் பொய். இரண்டு பக்கமும் துண்டு வைத்து மடித்துத் தைத்தால் யானையையும் தாங்கும். இரண்டு நாளுக்குள் வேறு துணி எடுக்க வழியில்லை, இரவல் தரவும் யாரும் இல்லை. நீ அழுவாய், கத்துவாய், என்னை ஏசுவாய் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீயோ வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "எங்கயும் வெட்டுப்படல்லயே? உங்களுக்குக் கண் சரியாத் தெரியல்ல போல உம்மா. டொக்டரிட்டக் காட்டவேணும்" என்றாய். மற்ற ஐந்து பேரும் காட்டுக்கு பஸ் ஏறின அதே காலை, நீ என்னைக் கூட்டிக்கொண்டு சிலாபத்துக் கண் டொக்டரிடம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணில ஒரு குறையும் இல்ல" என்றார். நீ "அல்ஹம்துலில்லாஹ்" என்றாய்.

உன் கூட்டாளி ஒருத்திக்கு வேலை கிடைத்தது. அவளுடைய பேரை இங்கே எழுதமாட்டேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நீ பாலாவிச் சந்தியில் ஒரு கடையில் ஃபோன் எடுக்கிற வேலைக்குப் போனாய். ஒரு வருஷம். லொறிகள் கிளப்புகிற தூசி படிந்து, கறுப்பு அபாயா பின்னேரம் சாம்பலாகி வரும். நான் அதை உதறித் தோய்ப்பேன். நீ ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாய் என்று ஒரு பக்கம் மனம் குளிரும். அதே கையால் அழுக்குத் தண்ணீரை ஊற்றும்போது, இந்தத் தூசியை அள்ளிப் பூசினது நான்தானே என்று நினைத்து இன்னொரு தரம் அலசுவேன். கூட்டாளி காட்டிலிருந்து படங்கள் அனுப்புவாள். நீ அதை என்னிடம் கொண்டுவந்து, "பாருங்க உம்மா, எவ்வளவு பெரிய மரம்" என்று காட்டுவாய். உன் முகத்தில் பொறாமையைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், நாமிருவரும் ஒரே மண் என்று. ஒரு நாளும் நான் அதைக் காணவில்லை. அதற்கும் எரிச்சல்பட்டேன்.

வெட்டுப்பட்ட துணியை நான் எறியவில்லை. அபாயாத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். மாரி முடிந்து ஒரு பகல், நீ வேலையில், வாப்பா லொறியில். எடுத்து, இரண்டு பக்கமும் துண்டு வைத்து மடித்துத் தைத்தேன். கால் பையையும் ஏற்றினேன், என் காலுக்கு அளவெடுத்து, உன் கோட்டை விட ஒரு சாண் மேலே. பின்வளவில் நிற்கிற இரண்டு தென்னைக்கும் நடுவில் கட்டி, வேலிப்படலையைச் சாத்திவிட்டு ஏறிப் படுத்தேன். தாங்கியது. காலும் பைக்குள் சரியாகப் போய் விழுந்தது. முப்பது வருஷம் ஆசைப்பட்ட சாமான் கையில் கிடைத்துவிட்டது, ஆனால் சுகமாக இல்லை. பக்கத்து வளவில் யாரோ இருமினாலும் தலையைத் தூக்கிப் படலையைப் பார்த்தேன். எங்கிருந்தோ ஒரு கழுதை வந்து வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அதை விரட்டக் கையை வீசியபோதுதான் வாப்பா படலையைத் திறந்துகொண்டு வந்தார். லொறி பழுதாகி நேரத்தோடு திரும்பிவிட்டாராம்.

அவர் கழுதையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கிட்ட வந்து ஒட்டுத் தையலை விரலால் தடவினார். "தாங்காதெண்டு புள்ளைக்கிட்டச் சொன்னாய்" என்றார். அவ்வளவுதான். நான் இறங்கி நின்றேன். "இருபத்தேழு வருஷமா நீ தைச்ச சட்டயத்தான் போடுறன். ஒண்டுலயாவது ஒன்ட கை வழுக்கினத நான் காணல்ல. அண்டைக்கே எனக்குத் தெரியும்." ஏன் என்னிடம் அப்போதே கேட்கவில்லை என்று அழுதேன். "கல்பிட்டிக்குப் போகட்டாண்டு நீ கேட்ட நேரம் நான் விட்டிருந்தா, இண்டைக்கு இப்பிடிக் களவா படுத்திருக்கமாட்டாய். எனக்கு எந்த வாயால கேக்கிறது?" என்றார். பிறகு, "ஆனா புள்ளைக்கு நீதான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு குளிக்கப் போனார். சொல்லுகிறேன் என்றேன். சொல்லவில்லை. பெருநாள் முடியட்டும் என்றேன், உனக்குத் தடிமனும் இருமலும் மாறட்டும் என்றேன், ஏழு மாதம் ஓடிவிட்டது. மகள், ஒரு பிழையைச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. பழுதான தையலை உடனே பிரித்தால் துணி தப்பும். தோய்த்து, காய்ந்து, இஸ்திரி போட்ட பிறகு பிரித்தால் ஊசித்தடம் நின்றுவிடும்.

இந்த வருஷம் அந்த மிஸ்ஸுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. உன் கூட்டாளிதான் உன் பேரைச் சொன்னாளாம். நீ மறுபடியும் கொழும்பிலிருந்து துணி எடுத்தாய், இந்த முறை கத்தரிப்பூ நிறம். என்னிடம் தரவில்லை. நீயே என் மெஷினில் உட்கார்ந்தாய். மூன்று நாள் பின்னேரம் தைத்தாய். நான் கதவில் சாய்ந்து நின்று பார்த்தேன். துணியை ஊசிக்குப் பின்னால் பிடித்து இழுத்தாய், தையல் சுருங்கியது. பொறுக்க ஏலாமல், "இங்க தா, நான் தைக்கிறன்" என்று கிட்ட வந்தேன். நீ தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "வேணாம் உம்மா. பழுதாப் போனாலும் எண்ட கையால பழுதாப் போகட்டும்." மெஷின் சத்தம் நிற்கவில்லை. நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நீ எதையோ தெரிந்து சொன்னாயா, சும்மா சொன்னாயா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

நேற்று அதைத் தென்னைகளுக்கு நடுவில் கட்டி, "நீங்க ஏறிப் பாருங்க உம்மா. உங்கட பாரத்தைத் தாங்கினா என்னைத் தாங்கும்" என்றாய். பட்டப்பகல். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்டுகள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் ஏறிக் குறுக்காகச் சரிந்து படுத்தேன். கால் பையைத் தேடிக் காலை நீட்டினேன், எட்டவில்லை. உன் உயரத்துக்கு வெட்டின பை அது, என் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. துணியின் இரண்டு கரையும் என் பாரத்தில் உயர்ந்து வந்து உன் முகத்தை மறைத்துவிட்டது. உன் கண்ணைப் பார்த்துக்கொண்டு எனக்கு ஒரு காலத்திலும் சொல்ல வந்திருக்காது. துணிக்குள் கிடந்தபடியே சொன்னேன்: "போன வருஷம் கை வழுக்கல்ல மகள். நான்தான் வெட்டினன்." வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், வேறு எதற்கோ. பிறகு உன் நாலு விரல் வந்து துணியின் கரையைப் பிடித்துக் கீழே பதித்தது. "ஏன் உம்மா?"

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீ பாணைப் பிய்த்துப் பருப்பில் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டாய், தின்னவில்லை. வாப்பா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ கை கழுவ எழும்பும்போது சொன்னாய்: "இத எண்ட கூட்டாளிக்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. தண்ட கெட்டித்தனத்தால கிடைச்ச வேலையெண்டு அவ சந்தோஷமா இரிக்கிறா. அது மெய்யும்தான்." என்னை மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லவில்லை. இன்று காலையிலும் என்னோடு இரண்டு சொல்தான் கதைத்தாய். அது சரிதான், அவசரப்படாதே. நீ அப்படிக் கேட்டதால்தான் உன் கூட்டாளியின் பேர் இதில் இல்லை. கோபத்தின் நடுவிலும் இன்னொருத்தியின் சந்தோஷத்தைக் கவனித்துக்கொள்ள உனக்கு யார் சொல்லித் தந்தது? நான் இல்லை.

இனி உன் கேள்விக்குப் பதில். உன்னில் அன்பு இல்லாமல் செய்யவில்லை, அன்பு கூடியும் செய்யவில்லை. பயத்தில் செய்தேன் என்று சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளும், காடு, பெண் பிள்ளை என்று தலையை ஆட்டும். அது பொய். எனக்குக் கிடைக்காத ஒன்று உனக்குக் கிடைக்கிறதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. உனக்கும் ஒரு காலம் இது வரலாம், உன் பிள்ளையிடமோ, கூடப் பிறந்தவளிடமோ, அந்தக் கூட்டாளியிடமோ. வந்தால் அதற்கு அக்கறை என்றும் பயம் என்றும் வேறு பேர் வைத்து மறைக்காதே. எரிச்சல் என்றே சொல், வாய்விட்டுச் சொல், யாரிடமாவது சொல். நான் அன்றைக்கு உன்னிடம், "எனக்கு எரிச்சலா இரிக்கி மகள், எனக்கும் ஒண்டு தைப்பமா?" என்று கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய், அந்தத் துணியும் தப்பியிருக்கும்.

உன் தையலை ஒரு தரம் பார்த்தேன். இடது பக்க அந்தத்தில் இரண்டு வரிதான் ஓட்டியிருக்கிறாய், இன்னொரு வரி போடவேண்டும். நான் போடவில்லை. நூலும் ஊசியும் மெஷினிலேயே கோத்து வைத்திருக்கிறேன். நீ போடு. ஞாயிற்றுக்கிழமை பாலாவிச் சந்தி வரைக்கும் வாப்பாவோடு நானும் வருவேன். உன் பையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றுவேன், துஆச் செய்வேன். ஏறி உட்கார்ந்த பிறகு மட்டும் யன்னலால் திரும்பிப் பார்க்காதே மகள். அந்த நேரம் என் முகத்தில் எது இருக்கும் என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. எது இருந்தாலும் நீ போ.

உன் உம்மா